கடுகண்ணாவைச் சரிவுகளில் மலேரியா: 1934–35 கொள்ளைநோயும் கிராமச் சிறாரும்

இலங்கை வரலாற்றை எழுதப் புகுந்தோர் போர்களுக்கும் உடன்படிக்கைகளுக்கும் அளித்த இடத்தில் பத்திலொரு பங்கையேனும் காய்ச்சலுக்கு அளித்தாரல்லர். ஆயினும், 1934-ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதி தொடங்கி 1935-ஆம் ஆண்டு முடியும் வரையில் இத்தீவிலே மலேரியாவால் மாண்டோர் தொகை ஏறத்தாழ 80,000 என மதிப்பிடப்பட்டுள்ளது. 1931-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அக்காலத்து மக்கள் தொகை 53 இலட்சமளவே. முதல் ஏழு மாதங்களுள் நோய்வாய்ப்பட்டோர் மட்டும் ஏறக்குறைய 15 இலட்சம். எந்தப் போரும் இந்நாட்டில் இத்துணைக் குறுகிய காலத்தில் இத்துணை உயிர்களைக் கொண்டு சென்றதாகச் சொல்வதற்கில்லை.

இவ்வழிவை ஆராயுமிடத்து ஒரு புதுமை புலப்படுகின்றது. காய்ச்சலுக்குப் பெயர்போன வன்னிக்காடுகளிலும் அனுராதபுரத்துக் குளக்கரைகளிலும் அன்று அழிவு மிகுந்திலது. கேகாலை மாவட்டம், குருணாகலின் ஈரமான பகுதிகள், கண்டி மாவட்டத்தின் மேற்குத் தாழ்நிலம் என்னும் செழிப்பான ஊர்களே நிலைகுலைந்தன. நல்ல நீரும் நல்ல காற்றும் உடையனவென்று எண்ணப்பட்ட இடங்கள் அவை. காய்ச்சல் நிலைத்திருந்த ஊர் தாங்கிக்கொண்டது. காய்ச்சல் அரிதாயிருந்த ஊர் மடிந்தது. இதன் காரணத்தை அறிய விரும்புவோர் அவ்வூர்களின் குழந்தைகளை நோக்குதல் வேண்டும்.

கண்டி மேட்டுநிலத்தின் மேற்கு விளிம்பிலே, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது கடுகண்ணாவை. கொழும்பிலிருந்து வருவோர் மாவனல்லையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறி, இக்கணவாயின் வழியாகவே கண்டியை அடைவர். மேலிருந்து நோக்கின் அலகல்ல மலையும் பத்தலேகல என்னும் தனிப்பாறையும், அவற்றின் கீழே தென்னையும் நெல்லும் விரவிய பள்ளத்தாக்குகளும் தோன்றும். கணவாய்க்குக் கிழக்கே விழும் மழைநீர் மகாவலி கங்கையைச் சேரும். மேற்கே விழுவது ஹிங்குல ஓயா முதலிய சிற்றாறுகளின் வழியே மகா ஓயாவிற் கலந்து, மேற்குக் கடலை அடையும். 1934-ஆம் ஆண்டின் வரலாற்றை விளக்குவதில் இந்நீர்ப்பிரிவு சாலப் பயன்படும்.

கண்டி அரசின் காவலர்களுள் காய்ச்சலும் ஒன்று எனின் மிகையாகாது. 1660-இல் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயரின் தந்தையார், கண்டி இராச்சியத்துக்குட்பட்ட ஏழு கோறளையில், 1661-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முறைக்காய்ச்சலால் இறந்தார். மகனும் நெடுநாள் அக்காய்ச்சலில் வருந்தினார். 1803-இல் கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியப் படை சில மாதங்களுள் நிலைகுலைந்தமைக்குக் கண்டி வீரரின் தாக்குதல் மட்டும் காரணமன்று. பாசறையிற் பரவிய நோயே அப்படையை முதலில் தளர்த்தியது. 1815-இல் கண்டி வீழ்ந்தபின் கடுகண்ணாவைக் கணவாயைத் திறந்து வீதியமைக்கும் பணி தொடங்கிற்று. அதனை நடத்திய கப்டன் டோசன் 1829-இல் மறைந்தார். 1832-இல் அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கின்றது. 1867-இல் புகைவண்டியும் கண்டியை எட்டியது. இவ்விரு பணிகளிலும் உழைத்து, காய்ச்சலால் அச்சரிவுகளிலே மடிந்த கூலியாட்களுக்குக் கோபுரம் எதுவும் எழவில்லை.

ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு உண்டு என்பதை அறிவது எங்ஙனம்? வைத்தியசாலைப் பதிவேடு போதாது. நோயுற்றோர் அனைவரும் வைத்தியசாலைக்கு வருவதில்லை. இதற்குரிய எளிய வழி, நோய்க்கிருமி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே வட இந்தியாவில் தோன்றிவிட்டது. 1840-களில் யமுனைக் கால்வாய்ப் பகுதிகளை ஆராய்ந்த டெம்ஸ்ரர் என்னும் மருத்துவர், ஊர்தோறும் சென்று மக்களின் இடப்பக்க விலாவின் கீழ் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். மீண்டும் மீண்டும் காய்ச்சல் கண்டவரின் மண்ணீரல் வீங்கி, விலாவெலும்பைக் கடந்து கைக்குத் தட்டுப்படும். நூறு பேரில் எத்தனை பேருக்கு அவ்வாறு தட்டுப்படுகின்றது என்னும் எண்ணே 'மண்ணீரல் வீதம்' எனப்பட்டது.

இவ்வளவையைக் குழந்தைகளிடத்து எடுப்பதே சிறந்ததென நாளடைவில் உணரப்பட்டது. வளர்ந்தவர் பல ஊர் சென்று மீள்பவர். அவர் உடலிலுள்ள காய்ச்சல் எந்த ஊருடையது என அறிதல் அரிது. நான்கு வயதுக் குழந்தையோ பிறந்த மண்ணை விட்டு அகலாதது. அதன் விலாவின் கீழ்க் கைக்குத் தட்டுப்படுவது அவ்வூரின் காய்ச்சலே. ஒரு வயது நிரம்பாத சிசுவின் இரத்தத்திற் கிருமி காணப்படுமாயின், அவ்வோராண்டுக்குள் அவ்விடத்தில் நோய் பரவியதென ஐயமின்றிக் கூறலாம்.

1899-ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் யாவாவிலும் நியூகினியிலும் ஆராய்ந்த றொபேட் கொக் என்னும் ஜேர்மானிய அறிஞர் இன்னுமோர் உண்மையை வெளிப்படுத்தினார். காய்ச்சல் ஓயாத ஊர்களில் இளங்குழந்தைகளின் இரத்தத்திற் கிருமிகள் மிகுந்திருந்தன. வயது ஏற ஏற அவை குறைந்தன. வளர்ந்தோரிடம் அரிதாகவே காணப்பட்டன. அதாவது, அங்கு மலேரியா குழந்தைகளின் நோய். குழந்தைப் பருவத்தில் அதனைத் தாங்கிப் பிழைத்தவன் ஓரளவு காப்புப் பெற்றுவிடுகிறான்.

இம்முறைமையின் முழு உருவத்தை ஆபிரிக்கக் கிராமங்களிற் காணலாம். அனோபிலிஸ் கம்பியே என்னும் நுளம்பு மனித இரத்தத்தையே பெரிதும் நாடுவது. சில ஊர்களில் ஒருவர் ஓராண்டில் நூற்றுக்கணக்கான முறை நோய் சுமந்த நுளம்பினாற் கடிக்கப்படுவார். அங்கு பிறக்கும் குழந்தைக்கு முதற் சில மாதங்கள் தாயின் உடலினின்று வந்த காப்பு உண்டு. அது தேய்ந்தபின் ஐந்து வயது வரையுள்ள காலமே உயிர்க்கண்டம். அதனைக் கடந்தோர் உடலிற் கிருமியைச் சுமந்துகொண்டே வயலுக்குச் செல்வர். 1950-இல் உகண்டாவின் கம்பாலா நகரிற் கூடிய மாநாடு, இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள சிறாரின் மண்ணீரல் வீதத்தைக் கொண்டே நாடுகளின் மலேரியா நிலையை வகுத்தது. பத்துக்குட்பட்டது மெல்லிய நிலை. எழுபத்தைந்துக்கு மேற்பட்டும் வளர்ந்தோரிடம் மண்ணீரல் சுருங்கியும் இருப்பின் அது முற்றும் ஊறிய நிலை. 1961-இல் கம்பியா நாட்டில் மக்கிரெகரும் அவர்தம் துணைவரும் செய்த சோதனை இவ்விளக்கத்திற்கு முத்திரையிட்டது. வளர்ந்தோரின் இரத்தத்தினின்று பிரித்த காப்புப் புரதத்தை நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தியபோது அவர்களது இரத்தத்திலுள்ள கிருமிகள் வெகுவாகக் குறைந்தன. காப்பு என்பது வெறும் ஊகமன்று, குருதியில் உள்ள பொருளே எனத் தெளிவாயிற்று.

ஆயின் அக்காப்பின் விலை யாது? ஆபிரிக்காவில் மலேரியாவால் இறப்போருள் ஏறத்தாழ முக்காற்பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்டோர். முதியோரின் காப்பு என்பது சிறார் சாவின் மறுபக்கமே. 'அம்மக்கள் நோய்க்குப் பழகிவிட்டனர்' என்று குடியேற்ற ஆட்சியாளர் பலர் எழுதிவைத்த எளிய வாக்கியத்தில் அக்குழந்தைகளின் புதைகுழிகள் கணக்கிற் சேரவில்லை.

இனி இலங்கைக்கு மீள்வோம். இங்கு மலேரியா எதிர்ப்பு இயக்கம் 1921-ஆம் ஆண்டளவில் முறையாகத் தொடங்கிற்று. பூச்சியியலறிஞர் கார்ட்டர் 1920-களில் நடத்திய ஆய்வுகள், இத்தீவில் நோயைப் பரப்பும் முதன்மையான நுளம்பு அனோபிலிஸ் கூலிசிபாசிஸ் என நிறுவின. இந்நுளம்பின் இயல்பை அறிந்தாலன்றி 1934-ஐ விளக்குதல் இயலாது. சாக்கடையையும் சேற்றையும் அது விரும்புவதன்று. வெயில் படும் தெளிந்த நீர், அதுவும் ஓடாது தேங்கிய நீர், அதற்கு வேண்டும். ஆற்றுப் படுகையின் மணலிலும் பாறைக் குழிகளிலும் எஞ்சும் குட்டைகள் அதற்குரிய தொட்டில்கள்.

ஆகவே தீவின் இரு பகுதிகளில் இரு வேறு முறைமைகள் விளைந்தன. வரண்ட வலயத்தில் மழை பெய்த பின்னர்க் குட்டைகள் நிறையும். ஆண்டுதோறும் காய்ச்சல் வரும். சிறார் பலரிடம் மண்ணீரல் வீங்கியிருக்கும். வளர்ந்தோர் ஓரளவு தாங்குவர். கடுகண்ணாவைக்கு மேற்கேயுள்ள ஈரநாட்டிலோ தென்மேற்குப் பருவமழை தவறாது பொழிய, மகா ஓயாவும் அதன் கிளைகளும் ஆண்டின் பெரும்பகுதி நிறைந்தோடும். ஓடும் வெள்ளம் நுளம்பின் குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும். ஆதலின் அவ்வூர்ச் சிறாரின் மண்ணீரல் வீதம் மிகக் குறைவாயிருந்தது. வரண்ட நாட்டிற்கு மழை கொணரும் காய்ச்சலை ஈரநாட்டிற்கு வரட்சியே கொணர்தல் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

மலேரியா எதிர்ப்பு நிலையங்கள் காய்ச்சல் நிலைத்திருந்த இடங்களிலேயே பெரும்பாலும் அமைக்கப்பட்டிருந்தன. அஃது இயல்பே, நோயுள்ள இடத்துக்கே மருந்து செல்லும். ஆயின், குறைந்த மண்ணீரல் வீதம் இருவகைப் பொருள் தரும். நோய் இங்கு அரிது என்பது ஒன்று. நோய் வருமாயின் எதிர்த்து நிற்க இங்கு ஒருவருமில்லை என்பது மற்றொன்று. முதற்பொருள் எல்லார்க்கும் தெரிந்திருந்தது. இரண்டாவதன் பொருட்டு முன்னேற்பாடு எதுவும் இருக்கவில்லை.

1934-ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா, களனி கங்கை ஆகியவற்றின் மேற்பகுதிகள் வற்றிக் குட்டைகளின் தொடராயின. வயல்கள் காய்ந்தன. உலகப் பொருளாதார மந்தத்தால் இறப்பர், தென்னை ஆகியவற்றின் விலை வீழ்ந்து, கூலிவேலையும் குறைந்திருந்தது. ஒக்ரோபர் இறுதியில் மருந்துச்சாலைகளின் வாயில்களிற் கூட்டம் பெருகிற்று. நவம்பரில் அது வெள்ளமாயிற்று. டிசம்பரிலும் சனவரியிலும் சில கிராமங்களில் நோய் காணாத வீடு அரிது. தண்ணீர் முகந்து தருதற்கும் எழுந்து நடக்கக்கூடியவர் இல்லாத குடிசைகள் பல. ஒருமுறை தணிந்த காய்ச்சல் 1935-இன் இளவேனிலில் மீண்டும் தலைதூக்கியது.

வரண்ட வலயத்தில் குழந்தைகளின் நோயாக இருந்தது இங்கு எல்லா வயதினரையும் ஒருங்கே வீழ்த்தியது. உழுபவனும் அவன் தந்தையும் பள்ளிச்சிறுவனும் ஒரே பாயிற் கிடந்தனர். எனினும் சாவு எல்லோரையும் ஒரே அளவில் தீண்டவில்லை. 1934-இல் ஆயிரம் பிறப்புக்கு 173 ஆகவிருந்த சிசு மரண வீதம் 1935-இல் 263 ஆயிற்று. அவ்வாண்டு பிறந்த நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு மேற்பட்டது தன் முதற் பிறந்தநாளைக் காணவில்லை என்பதே இதன் பொருள். ஆபிரிக்கத் தாய் தன் மகவுக்குச் சில மாதமேனும் தரும் காப்பு கேகாலைத் தாயிடம் இல்லை. தன்னிடம் இல்லாததை அவள் எங்ஙனம் ஈவாள்? கருவுற்றிருந்த மகளிர் பலர் காய்ச்சலால் நலிந்தனர். தாய் பாயில் விழுந்தபின் பாலும் வற்றிற்று. காய்ச்சலும் பசியும் ஒன்றையொன்று பற்றிக்கொண்ட இடத்தில், இறப்புக்கு எது காரணம் எனப் பதிவுகாரர் எழுதினாலும் அது பாதி உண்மையே.

அரசாங்கம் வாளாவிருந்ததெனக் கூறுதல் நேர்மையாகாது. மருத்துவ, சுகாதார சேவைகளின் பணிப்பாளராயிருந்த பிறியர்கிளிவ் தற்காலிக வைத்தியசாலைகளையும் மருந்துச்சாலைகளையும் திறப்பித்தார். கொயினா கிராமங்களுக்கு அனுப்பப்பட்டது. நிவாரணப் பணிக்கு நியூனம் ஆணையாளராக நியமிக்கப்பட்டார். எனினும், பெருவீதியின் ஓரத்தில் மருந்துச்சாலை இருத்தல் வேறு, இரண்டு மைல் மலைப்பாதையிற் காய்ச்சலோடு கிடக்கும் குழந்தைக்கு மருந்து கிட்டுதல் வேறு. கடுகண்ணாவை வீதியும் இருப்புப்பாதையும் தேயிலையை ஏற்றிச் செல்லும் பொருட்டு நன்கு அமைந்திருந்தன; அவற்றினின்று பிரிந்து கிராமத்துக்குச் செல்லும் பாதையே இல்லாதிருந்தது.

அவ்விடைவெளியிற் புகுந்தோர் தொண்டர்கள். சூரியமல் இயக்கத்தினர் கேகாலை மாவட்டக் கிராமங்களில் நிவாரணம் புரிந்தனர். மருத்துவரும் அரசாங்க சபை உறுப்பினருமான எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் அதில் முன்னின்றனர். கொயினா மட்டும் பட்டினி வயிற்றுக்கு உதவாதெனக் கண்டு, மார்மைட்டைச் சிறு உருண்டைகளாக்கி வழங்கினர் என அவ்வியக்கத்தின் வரலாறு கூறும். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபோது இவர்களுட் பலர் அதில் இருந்தனர். 1936-ஆம் ஆண்டுத் தேர்தலில் என். எம். பெரேரா உருவன்வெல்லைத் தொகுதியிலும் பிலிப் குணவர்த்தன அவிசாவளைத் தொகுதியிலும் வென்றனர். சர்வசன வாக்குரிமை 1931-இல் வந்திருந்தமையால், காய்ச்சலிற் கிடந்து எழுந்தோர் கையில் வாக்குச்சீட்டும் இருந்தது. கிராமிய வைத்தியசாலைகள் அதன்பின் பெருகியமையை இதனின்று பிரித்து நோக்குதல் கடினம்.

கொள்ளைநோயின் காரணம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பஞ்சாப்பின் கொள்ளைநோய்களை ஆராய்ந்த அனுபவத்துடன் இங்கு வந்து அறிக்கை தந்த கேணல் கில், இத்தகைய காய்ச்சல் சில ஆண்டுகளுக்கொருமுறை சுழன்று வருவது என்னும் நோக்கில் அதனை அணுகினார். பிற்காலத்துப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் எரிக் மேயர், வானிலையோடு பொருளாதார வீழ்ச்சியையும் இணைத்து ஆராய்ந்தார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. நுளம்பு ஆற்றிற் பிறந்தது. அதன் கடிக்கு உடல்கள் தளர்ந்திருந்தமைக்குக் காரணம் சந்தையிலும் இருந்தது.

அடுத்த கட்டம் பலரும் அறிந்தது. 1946 தொடங்கி வீடுகளின் சுவர்களுக்கு டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆகவிருந்த இறப்பு வீதம் 1947-இல் 14 அளவுக்கு வீழ்ந்தது. இவ்வீழ்ச்சி முழுவதும் டி.டி.ரி.யின் பயனா, உணவும் வைத்தியசாலையும் அதிற் பங்குகொண்டனவா என நெடிய விவாதம் நடந்தது. 1963-இல் தீவு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1968-இலும் 1969-இலும் இலட்சக்கணக்கானோர் மீண்டும் வீழ்ந்தனர். 1934-இல் வெறுமையாயிருந்த உடல்களைப் போலவே, அப்பொழுது வளர்ந்திருந்த புதிய தலைமுறையின் உடல்களும் வெறுமையாயிருந்தன.

கணவாய்க்குக் கிழக்கேயுள்ள நீரும் தன் பங்கைக் காட்டாமல் விடவில்லை. 1980-களில் கொத்மலை அணை மகாவலியின் நீரைத் தடுத்தபின், கண்டிக்கு அண்மையிலுள்ள ஆற்றுப்படுகையில் நீரோட்டம் குன்றிக் குட்டைகள் தோன்றின. அவ்விடங்களிற் புதிதாக மலேரியா கிளம்பியது. வானம் 1934-இல் செய்ததை இம்முறை பொறியியல் செய்தது.

உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்ரோபரில் பதியப்பட்டார். 2016 செப்ரெம்பர் 5-ஆம் நாள் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா நீங்கிய நாடாக அறிவித்தது. ஆயினும் கூலிசிபாசிஸ் நுளம்பு நீங்கவில்லை. 2016 இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும், நகரக் கிணற்றிலும் தொட்டியிலும் வாழவல்ல இந்திய நுளம்பும் கண்டறியப்பட்டது. 2018 டிசம்பரில், வெளிநாட்டுத் தொழிலாளர் ஒருவரிடமிருந்து நுளம்பின் வழியே உள்நாட்டவர் ஒருவருக்கு நோய் தொற்றியது. இரத்தினக்கல் தேடி மடகாஸ்கார் சென்று மீள்வோரின் இரத்தம் சோதிக்கப்படுவதும் இதன் பொருட்டே.

இன்று கடுகண்ணாவைப் பாடசாலையில் எந்தக் குழந்தையின் விலாவின் கீழ்க் கைவைத்தாலும் மலேரியாவால் வீங்கிய மண்ணீரல் தட்டுப்படாது. 1934-ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மாவனல்லைச் சிறாரைச் சோதித்திருந்தால் அவர்களுள்ளும் மிகச் சிலரிடத்தே அது தட்டுப்பட்டிருக்கும். அதனாற்றான் மலேரியா எதிர்ப்புப் பணியினர் இப்பொழுது மண்ணீரலை அழுத்திப் பார்ப்பதை விட்டு, காய்ச்சலோடு வரும் பயணியின் ஒரு துளி இரத்தத்தையும் ஆற்றுப்படுகைக் குட்டையின் ஓர் அகப்பை நீரையும் நாடிச் செல்கின்றனர்.